வீட்டில் கார் இன்ஜின் இறக்க: கிரேனா, செயின் பிளாக்கா, ஜாக்கியா?

பாரிமுனையை ஒட்டிய லிங்கிச் செட்டி தெருவிலோ மண்ணடியிலோ ஒரு கருவிக் கடைக்குச் சென்று, கார் இன்ஜினைத் தூக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டால், கடைக்காரரின் முதல் கேள்வி "எத்தனை டன்?" என்பதாகத்தான் இருக்கும். வீட்டிலேயே இன்ஜினை இறக்க நினைப்பவர் அந்தக் கேள்விக்குக் கடைசியாகப் பதில் சொன்னால் போதும். நம் ஊரில் ஓடும் சாதாரண கார்களின் இன்ஜின் எதுவும் அரை டன்னைத் தொடுவதில்லை. எடையை விட அதிகமாகத் தொல்லை தருபவை மூன்று: இன்ஜின் காரின் மேல்பக்கமாக வெளியே வருமா அல்லது அடிப்பக்கமாக இறங்குமா என்பது, கொக்கி எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பது, கருவி நிற்கப்போகும் தரை எப்படிப்பட்டது என்பது. இவற்றுக்கு விடை தெரிந்தபின் கடைக்குப் போனால் வீண் செலவும் வராது, பாதி வேலையில் இன்ஜின் அந்தரத்தில் தொங்கும் நிலையும் வராது.

மேலேயா, கீழேயா

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய பின்சக்கர இயக்கக் கார்களில் பானெட்டையும் ரேடியேட்டரையும் கழற்றிவிட்டால் இன்ஜினை முன்பக்கமாகச் சாய்த்து மேலே எடுத்துவிடலாம். மாருதி 800 இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தாலும் உருவத்தில் சிறியது என்பதால் அதையும் மேலே எடுக்க இடம் உண்டு. மாருதி ஆம்னியின் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கீழேதான் இறக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில், இன்ஜின், கியர்பாக்ஸ், அவற்றைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் மூன்றையும் ஒன்றாகக் கீழே இறக்கும் முறையையே தயாரிப்பாளரின் பணிமனைக் கையேடு காட்டும். சில வண்டிகளில் கியர்பாக்ஸை முதலில் தனியாகக் கழற்றிவிட்டால் இன்ஜினை மட்டும் மேலே எடுக்க இடம் கிடைக்கும். சிலவற்றில் அப்படியும் கிடைக்காது. எனவே கருவியைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் காருக்குரிய கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. மேலே வரும் இன்ஜினுக்குக் கிரேன் அல்லது செயின் பிளாக் (மேலே தொங்கவிட்டு, கைச்சங்கிலியை இழுத்துச் சுமையைத் தூக்கும் கருவி) வேண்டும். கீழே இறங்கும் இன்ஜினுக்கு, இன்ஜினைத் தாங்கும் கருவியை விட, அது வெளியே வரும் அளவுக்குக் காரின் உடலை உயர்த்தும் வழிதான் முதலில் வேண்டும்.

கொக்கி எவ்வளவு உயரம் போக வேண்டும்

ஒரு டேப்பை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ரேடியேட்டருக்கு மேலே குறுக்காக ஓடும் தகட்டின் மேல்விளிம்பு வரை ஒன்று. இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பின் அடிப்பாகத்திலிருந்து, இன்ஜினைக் கொக்கியோடு பிணைக்கும் பட்டையோ சங்கிலியோ ஆன ஸ்லிங் மாட்டும் புள்ளி வரை இன்னொன்று. அந்தப் புள்ளியிலிருந்து கொக்கி வரை ஸ்லிங் எடுத்துக்கொள்ளும் உயரம் மூன்றாவது. உதாரணமாக 85, 65, 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சம்ப் தகட்டில் உரசாமல் கடக்க 10 செ.மீ. இடைவெளி சேர்த்தால், கொக்கி 195 செ.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். கிரேனாக இருந்தால் இந்தக் கணக்கு இத்துடன் முடிகிறது. செயின் பிளாக்காக இருந்தால், முழுவதும் ஏற்றிய நிலையிலும் அதன் மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் நடுவே ஒரு நீளம் மிச்சம் இருக்கும். ஒரு டன் பிளாக்கில் அது பெரும்பாலும் 30 முதல் 45 செ.மீ. வரை வரும். ஆக, அதை 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பிளாக்கைத் தொங்கவிடும் இடம் 235 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத் தூண் நிறுத்துமிடத்தில் இதை அளக்கும்போது மேல்தளத்தின் அடிப்பாகம் வரை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்குக் கீழே தொங்கும் உத்தரத்தின் அடிவிளிம்பும், உத்தரத்தின் கீழே ஓடும் கழிவுநீர்க் குழாயும்தான் உண்மையான எல்லை.

உயர்த்திய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டில் காரை ஏற்றினால் எத்தனை செ.மீ. ஏற்றுகிறீர்களோ அத்தனை செ.மீ. கொக்கியின் உயரமும் கூட வேண்டும். இதை மறந்துவிடுவது மிக எளிது. கிரேனின் கால்கள் காருக்கு அடியில் நுழைவதற்காக முன்பக்கத்தை 15 செ.மீ. உயர்த்திய பிறகுதான், இன்ஜின் தகட்டைத் தாண்ட இன்னும் நாலு விரற்கடை போதவில்லை என்பது தெரியவரும். உயரம் குறைவாக உள்ள இடத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பல கார்களில் ரேடியேட்டரின் மேல்தகடு வெல்டு செய்யப்படாமல் போல்ட்டில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டால் கடக்க வேண்டிய உயரம் கணிசமாகக் குறைந்துவிடும்.

மடக்கு இன்ஜின் கிரேன்

இரண்டு நீண்ட கால்கள், ஒரு நிற்கும் கம்பம், அதன் தலையில் இருந்து நீளும் கை, கையைத் தள்ளி உயர்த்தும் ஹைட்ராலிக் சிலிண்டர் என்று அமைந்த இந்தக் கருவி, தரை ஒழுங்காக இருந்தால் வீட்டு வேலைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் வரிசையாக நான்கு துளைகள் இருக்கும். கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறைந்துகொண்டே போகும். இரண்டு டன் கிரேன் என்று விற்கப்படுவது கை முழுவதும் உள்ளே இருக்கும்போதுதான் இரண்டு டன். பொதுவாக அடுத்தடுத்த துளைகளில் ஒன்றரை டன், ஒரு டன் என்று இறங்கி, கடைசித் துளையில் அரை டன் மட்டுமே. ஒரு டன் கிரேனில் கடைசித் துளையின் கணக்கு 250 கிலோ.

இனி எடைக்கு வருவோம். ஸ்விஃப்ட், டிசையர் போன்ற கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் 130 கிலோ அளவில் இருக்கும். அலுமினிய பிளாக் கொண்ட சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் அதைவிடக் குறைவு. வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட அம்பாசடர் இன்ஜினைக் கியர்பாக்ஸுடன் சேர்த்து எடுப்பதானால் 250 கிலோ என்றும், பொலேரோ போன்ற டீசல் ஜீப் வகைகளுக்கு 350 கிலோ என்றும் கணக்கில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இவை திட்டமிடுவதற்காக நான் கொஞ்சம் தாராளமாக வைக்கும் எண்கள். உண்மையான எடை குறைவாக இருந்தால் நல்லதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கனமான இன்ஜின்கள்தான் பம்பரிலிருந்து தள்ளி உள்ளே உட்கார்ந்திருக்கின்றன என்பது. குறுக்குவாட்டு இன்ஜினின் நடுப்பகுதி பம்பருக்குப் பின்னால் அருகிலேயே இருக்கும். நெடுக்குவாட்டில் வைத்த இன்ஜினும் அதன் பின்னால் ஒட்டிய கியர்பாக்ஸும் சேர்ந்தால், எடையின் நடுப்புள்ளி ஏறத்தாழ டேஷ்போர்டு சுவரை நெருங்கிவிடும். அதை எட்டக் கையை முழுவதும் நீட்டியாக வேண்டும். அப்போது ஒரு டன் கிரேன் 250 கிலோவில் நிற்கும். உங்கள் சுமையும் அதே 250 கிலோ. எனவே அம்பாசடருக்கு ஒரு டன் கிரேன் போதும் என்று யாராவது சொன்னால் எந்தத் துளையில் என்று கேளுங்கள். என் கருத்தில், வாங்குவதானாலும் வாடகைக்கு எடுப்பதானாலும் இரண்டு டன் கிரேனைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

கை உயரும்போது கொக்கி நேராக மேலே போகாது. ஒரு வளைவில் ஏறி, உயர உயரக் கம்பத்தை நோக்கி நகரும். ஆகவே தூக்கும்போதே கிரேனைச் சிறிது சிறிதாக உருட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இந்தக் காரணத்தால் கிரேனின் சக்கரங்கள், அதன் சிலிண்டரைப் போலவே முக்கியமானவை. சிறிய சக்கரம் கொண்ட கிரேன் கடைத் தரையில் அழகாக ஓடும். வீட்டு வாசலில் பதித்த பேவர் கற்களின் இடுக்கில் ஒரு சக்கரம் சிக்கி நின்று, கை மட்டும் ஆடும்.

செயின் பிளாக், அதைத் தொங்கவிடும் இடம்

செயின் பிளாக்கின் பெரிய நன்மை, அது நேராக மேலே தூக்கும் என்பதும், ஒரு கண்ணி அளவு நுணுக்கமாக ஏற்றி இறக்க முடியும் என்பதும்தான். இன்ஜினைக் காரின் உடலோடு பிணைக்கும் மவுண்டிங் போல்ட்டை உருவ இன்ஜின் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் உயர வேண்டும் என்னும் தருணத்தில் இதற்கு இணையானது எதுவும் இல்லை. கடையில் எளிதாகக் கிடைப்பது ஒரு டன், மூன்று மீட்டர் தூக்கு உயரம் கொண்ட அளவு. கார் வேலைக்கு அது தாராளம். கையால் இயக்கும் செயின் பிளாக்குகளுக்கு ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண்ணும், தாங்கும் எடையும், தயாரிப்பாளரின் வரிசை எண்ணும் உடலில் பதித்திருக்கும் பிளாக்கையே வாங்குங்கள். சங்கிலிக் கண்ணிகளில் சில இடைவெளிக்கு ஒரு முறை 80 என்றோ T என்ற ஆங்கில எழுத்தோ முத்திரையிட்டிருக்க வேண்டும்.

பழைய பிளாக் என்றால் காதைக் கொடுத்துச் சோதிக்கலாம். கைச்சங்கிலியை ஏற்றும் பக்கமாக இழுக்கும்போது, உள்ளே ஒரு தடுப்புப் பல் வெட்டுச் சக்கரத்தின் மேல் ஒவ்வொரு பல்லாகத் தாவி "டிக், டிக்" என்று சீராக ஒலிக்கும். சுமையை நிறுத்திப் பிடிப்பது அந்தப் பல்லும் அதனோடு சேர்ந்த பிரேக் தட்டுகளும்தான். ஒலி விட்டுவிட்டு வந்தாலோ, வராமலே இருந்தாலோ, ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம் அல்லது பல் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிளாக்கை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். பிரேக் தட்டுகளில் எண்ணெய் ஊற்றி "ஸ்மூத்" ஆக்கித் தருகிறேன் என்பவரிடமும் வாங்காதீர்கள்.

பிளாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தாங்கும் இடம் அதைவிட நல்லதாக இருக்க வேண்டும். மின்விசிறிக் கொக்கி விசிறிக்கு மட்டுமே. வீட்டு உத்தரத்தில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடிப்பது கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்னால் தவிர வேண்டாம். அடுக்குமாடியில் அந்த உத்தரம் உங்களுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. வேப்பமரக் கிளையில் சங்கிலியைப் போட்டு இன்ஜின் தூக்கும் மெக்கானிக்குகள் சென்னையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வருடக்கணக்காக ஒரே கிளையைப் பார்த்து வருபவர்கள். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பெரிய கிளைகள் மழைக்காலத்தில் தாமாகவே ஒடிந்து விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் மாற்றாக ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் தூக்குபவர்கள் வைத்திருக்கும் இரும்புக் குழாய் முக்காலி இருக்கிறது. அதைச் செயின் பிளாக்குடன் சேர்த்து வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். இதில் பார்க்க வேண்டியது கால்களின் விரிவு. அம்பாசடரின் அகலம் 1.66 மீட்டர், இரண்டு கால்கள் காரின் இருபுறமும் இடிக்காமல் நின்று, உச்சி நேராக இன்ஜினுக்கு மேலே வர வேண்டுமானால் கால்கள் ஏறத்தாழ மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். சுமை ஏறியதும் கால்கள் வெளிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும் என்பதால், மூன்று பாதங்களையும் சுற்றிச் சங்கிலியால் பிணைப்பது கட்டாயம். முக்காலியை நகர்த்த முடியாது. இன்ஜின் மேலே வந்ததும் காரைத்தான் பின்னால் தள்ள வேண்டும். ஆகவே கார் தன் சக்கரங்களிலேயே நிற்க வேண்டும், பின்னால் இரண்டு மீட்டர் காலியிடமும் வேண்டும். காரைத் தள்ளும்போது யாரும் முக்காலியின் காலில் கை வைத்துச் சாய்ந்துகொள்ளக் கூடாது.

மின்சாரத்தில் ஓடும் சிறிய ஹாயிஸ்ட்டுகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 400 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் கம்பியைக் கூடுதல் கப்பியில் இரட்டையாகப் போட்டால் வரும் கணக்கு. ஒற்றைக் கம்பியில் அதில் பாதிதான். வேகமும் அதிகம். பொத்தானைத் தொட்டதும் இன்ஜின் துள்ளி எழும், மவுண்டிங்கோ ஒயரோ எங்காவது மாட்டியிருந்தால் அதைப் பிய்த்துக்கொண்டு எழும்.

ஜாக்கிகளின் இடம்

காரோடு வரும் கத்திரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும். பாட்டில் ஜாக்கியின் தலை சிறியது. இன்ஜினுக்கு அடியில் கொடுத்தால் பக்கவாட்டில் நழுவும். இன்ஜின் வேலையில் பயன்படும் ஜாக்கி, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி ஒன்றுதான். அதற்கும் இரண்டே வேலைகள்: காரை உயர்த்தி ஸ்டாண்டில் உட்கார வைப்பது, மவுண்டிங்கைக் கழற்றும்போது இன்ஜினையோ கியர்பாக்ஸையோ அடியிலிருந்து தாங்குவது. அப்படித் தாங்கும்போது சம்பின் நடுவில் ஜாக்கியை நேரடியாக வைக்காதீர்கள். தகட்டுச் சம்ப் உள்வாங்கினால் ஆயில் உறிஞ்சும் வலைக்குழாயின் வாய் அடைபடும். அலுமினியச் சம்ப் விரிசல் விடும். ஓர் அகலமான மரப்பலகையை இடையில் கொடுத்து, முடிந்தவரை கியர்பாக்ஸ் இணையும் விளிம்புப் பகுதியில் எடையை வாங்குங்கள்.

கீழே இறங்கும் இன்ஜின்களில்தான் ஜாக்கியின் எல்லை தெரியும். இன்ஜின் வெளியே உருண்டு வர, காரின் முன்பகுதி இன்ஜினின் உயரத்தையும் அது அமரும் பலகையின் உயரத்தையும் சேர்த்த அளவுக்கு, அதாவது 65 அல்லது 75 செ.மீ. வரை உயர வேண்டும். வழக்கமான மூன்று டன் ஸ்டாண்ட் ஏறத்தாழ 40 செ.மீ. வரைதான் நீளும். மீதியை ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் அடுக்கி ஈடுகட்டலாம் என்று எண்ணுவது உயிருக்கு ஆபத்து. ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். இத்தகைய கார்களுக்கு உயரமான ஆறு டன் ஸ்டாண்டுகளையும், அவற்றில் காரை ஏற்ற ஒரு கிரேனையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அதாவது இன்ஜினைப் பலகையில் இறக்கி வைத்துவிட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கிரேனால் காரின் முன்பகுதியைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஸ்டாண்டின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கிரேன் தூக்கிப் பிடித்திருக்கும் காருக்கு அடியில் எவரும் கை நீட்டக் கூடாது. இந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை என்றால், அந்தக் காரை இரண்டு தூண் லிஃப்ட் உள்ள பணிமனையில் விடுவதே சரி.

தரை

சென்னை வீடுகளில் இதுதான் பலரையும் தடுக்கும். மழைநீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவாக இருக்கும். பேவர் கற்கள் ஆங்காங்கே அமிழ்ந்திருக்கும். பழைய தனி வீடுகளில் பாதி இடம் மண்ணாகவே இருக்கும். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பாருங்கள். அது தானாக உருண்டால், 200 கிலோ தொங்கும் கிரேனும் உருளும். பேவர் தரையில் 18 மி.மீ. பிளைவுட் தாள்களைக் கிரேன் ஓடும் பாதை முழுவதும் விரித்து, தாள்கள் சேரும் இடத்தில் மேடு தட்டாமல் பார்த்துக்கொண்டால் சக்கரங்கள் ஓடும். ஸ்டாண்டின் பாதங்களுக்கு அடியிலும் தடித்த பலகையோ இரும்புத் தகடோ வேண்டும். மண் தரையில் கிரேன் வேண்டாம். முக்காலி மட்டும், அதுவும் அகலமான தகடுகளின் மேல். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையில் ஊறிய மண்ணில் அதுவும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீர் புகுந்த இன்ஜினை உடனே பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் பலருக்கு இருந்திருக்கும். அந்த அவசரத்துக்குத் தரை காய்ந்து கொடுக்காது. நீர் புகுந்த இன்ஜினைச் சுழற்றாமல் விட்டு, தளம் உறுதியாக உள்ள இடத்துக்குக் காரை இழுத்துச் செல்வதே வழி.

ஸ்லிங்கும் போல்ட்டும்

பாலியெஸ்டர் பட்டை ஸ்லிங்குகளில் ஊதா நிறம் ஒரு டன்னையும் பச்சை இரண்டு டன்னையும் மஞ்சள் மூன்று டன்னையும் குறிக்கும். ஊதாவே போதும், ஆனால் கூரான விளிம்பில் பட்டால் பட்டை அறுந்துவிடும் என்பதால், இன்ஜினோடு சேரும் இடங்களில் ஷாக்கிளும் (குறுக்கே முள் போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) சிறு சங்கிலியும் நல்லது. ஸ்லிங்கின் இரண்டு கால்களுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு காலும் மொத்த எடையில் 58 சதவீதத்தைத் தாங்கும். உயரம் போதவில்லை என்று ஸ்லிங்கைக் குறுக்கி 120 பாகை வரை விரித்தால், ஒவ்வொரு காலின் மேலும் முழு எடையும் ஏறும். கூடவே இரண்டு கொக்கிகளும் உட்பக்கமாக இழுபட்டு, நடுவில் உள்ள பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு நசுங்கும். பெரும்பாலான சிலிண்டர் ஹெட்டுகளில் தூக்குவதற்கென்றே இரண்டு வளையங்கள் இருக்கும். அவை இல்லாவிட்டால் 8.8 தர போல்ட்டைப் பயன்படுத்தி, வார்ப்பிரும்பில் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும் அலுமினியத்தில் இரண்டு மடங்கும் மரையில் இறங்குமாறு முறுக்க வேண்டும். இன்ஜினைச் சாய்த்து எடுக்க வேண்டிய பின்சக்கர இயக்கக் கார்களுக்கு, கைப்பிடியைச் சுற்றினால் சாய்வு மாறும் லெவலர் மிகுந்த உதவி செய்யும். ஆனால் அதுவும் கொக்கிக்குக் கீழே கொஞ்சம் உயரத்தைத் தின்னும். முதலில் போட்ட கணக்கில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

வாங்கும் முன்

ஒரே ஓர் இன்ஜினுக்காகக் கிரேன் வாங்குவது, அடுக்குமாடியில் அதை நிறுத்த இடம் தேடுவதோடு முடியும். வாடகைக்கு எடுப்பதே என் பரிந்துரை. எப்படிப் பெற்றாலும் ஹைட்ராலிக் சிலிண்டரைச் சுமையோடு சோதித்துவிடுங்கள். கொக்கியில் ஏதேனும் கனமான பொருளைத் தொங்கவிட்டுப் பாதி உயரத்துக்கு ஏற்றி, பளபளக்கும் பிஸ்டன் தண்டு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோடு உள்ளே போயிருந்தால் சீல் கசிகிறது. அந்தத் தண்டை விரல் நகத்தால் தடவியும் பாருங்கள். கடற்காற்று படும் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பகுதிகளில் கிடந்த கருவிகளில் மெல்லிய துருக்குழிகள் விழுந்திருக்கும். அவை ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை அரம்போல் ராவும். எண்ணெய் குறைவாக இருந்தால் ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். கையருகே இருக்கிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். கொக்கியின் வாய் விரிந்திருந்தாலோ, அதைப் பூட்டும் நாக்கு இல்லாவிட்டாலோ பேரம் பேசாமல் வேறு கருவியைக் கேளுங்கள்.

வேலை நாளன்று இன்ஜினை முதலில் ஐந்து செ.மீ. மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள். எர்த் ஒயர், கிளட்ச் கேபிள், ஏதாவது ஒரு சிறிய ஹோஸ், இவற்றில் ஒன்று கழற்றப்படாமல் இருப்பது இப்போது தெரியும். கூடவே ஸ்லிங் எந்தப் பக்கம் இழுக்கிறது, கிரேனின் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றனவா, இன்ஜினின் எடை குறைந்ததால் காரின் முன்பகுதி உயர்ந்து ஸ்டாண்டில் அசைகிறதா என்பதையும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். காரைத் தாண்டி வெளியே வந்ததும், கிரேனை உருட்டுவதற்கு முன்பே இன்ஜினை முழங்காலுக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். அது அமர ஒரு பழைய டயரும் அதன் மேல் ஒரு பலகையும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். இரவு முழுவதும் கிரேனிலேயே தொங்கவிட்டுப் போகாதீர்கள். தெருப் பிள்ளைகள் கண்ணில் படும் இடமாக இருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வேண்டாம்.